பாவாத்தாள் நிறுத்திய மோட்டார்

சரவணம்பட்டியில் கண்ணையாவின் மாவு மில்லில் மிளகாய் அரைபட்டுக்கொண்டிருந்தது. பெல்ட்டில் தையல் போட்ட இடம் ஒவ்வொரு சுற்றிலும் சக்கரத்தின் மேல் ஏறும்போது ‘தப்’பென்று ஒரு அடி விழுந்தது. தகரப் புனலுக்குள் விதைகள் தெறித்தன. வாசலில் நின்ற சென்னகிருஷ்ணனுக்குக் கண்ணும் மூக்கும் எரிந்தன. அப்படியும் அரை நிமிஷம் நகராமல் நின்று கேட்டான். அந்த ‘தப்’ சீராக விழவில்லை. ஐந்தாறு முறைக்கு ஒருமுறை அரைக்கணம் பிந்தி விழுந்தது. அந்தப் பிந்தலை எந்த வாத்தியக்காரனும் யோசித்து வாசித்துவிட முடியாது என்று நினைத்துக்கொண்டான்.

பிறகு, வேறு வழியில்லாமல், உள்ளே போய்ச் சொன்னான்.

“ஏனுங்க, இந்த மில்லுச் சத்தத்தை ஒரு ஏழு நிமிஷம் டேப்புல புடிச்சுக்கலாங்களா?”

கண்ணையா அவன் தோளில் தொங்கிய ரெக்கார்டரைப் பார்த்தார். கையில் இருந்த மைக்கைப் பார்த்தார். “அதுக்கென்னங்க, தாராளமா,” என்று சொல்லிக்கொண்டே கையை நீட்டி ஸ்விட்சை அமுக்கினார்.

பெல்ட் தளர்ந்து, இரண்டு முறை அடித்து, நின்றது. மில் முழுக்க மிளகாய் நெடியும் அமைதியும் நிறைந்தன. கண்ணையா ஒரு இரும்பு நாற்காலியை இழுத்துப் போட்டுத் தோள் துண்டால் துடைத்தார்.

“உக்காருங்க. இனி ஒரு தொந்தரவும் வராது. புடிங்க.”

“இல்லீங்க, மில்லு ஓடணுங்க. அந்தச் சத்தந்தானுங்க வேணும்.”

கண்ணையாவின் முகம் மாறியது. “சத்தமா? நீங்க எந்த ஆபீசுங்க?”

“ஆபீசெல்லாம் இல்லீங்க.”

“மேக்கால ஊட்டுக்காரன் பெட்டிசன் எழுதிப் போட்டுட்டானுங்களா? நல்லாப் பாருங்க சார், இங்க மில்லு ஓடறதே கம்மிங்க. காலையில ஒரு ரெண்டு மணி நேரம். அதும் ஆள் வந்தாத்தான்.” அரைக்க வந்து நின்றிருந்த அம்மாளைத் திரும்பிப் பார்த்தார். “ஏனுங் அம்மணி, நம்ம மில்லுல சத்தம் வருதுங்களா?”

“சத்தமே வராதுங்க,” என்றாள் அந்த அம்மாள், மைக்குக்கு நேராகக் குனிந்து.

அனுமதி கிடைத்த கணத்திலிருந்து டேப் ஓட வேண்டும், இடையில் நிறுத்தக் கூடாது என்பது விதி. சென்னகிருஷ்ணன் ஏழு நிமிஷம் அந்த இரும்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். டேப்பில் பதிந்தது: நாற்காலி இழுபடும் ஓசை, மில்லில் சத்தமே வராது என்பதற்கு ஒரு சாட்சி, யாரோ வாங்கி வந்து வைத்த டீ கிளாஸ், மூன்று தும்மல். மீதியெல்லாம் ஒன்றும் இல்லை.

இது ஆறாவது இடம். ஆறிலும் இதுவேதான் நடந்திருந்தது. பீளமேட்டில் கிரைண்டர் கல் கொத்துகிற பட்டறையில் ஏழு பேர் ஒரே சமயத்தில் உளியைக் கீழே வைத்தார்கள். விசைத்தறிக் கூடத்தில் பன்னிரண்டு தறியும் வரிசையாக அணைந்தன. டீ ஆற்றிக்கொண்டிருந்தவர்கூட இரண்டு கையையும் அந்தரத்தில் நிறுத்திக்கொண்டு, “நீங்க முடிங்க,” என்றார். விருந்தாளி பேச வந்திருக்கும்போது இரைச்சலை ஓடவிடுவது அவமரியாதை. இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை. அவன் வீட்டிலும் அப்படித்தான். யாராவது வந்தால் மிக்ஸியை நிறுத்திவிட்டுத்தான் வாங்க என்று சொல்லுவார்கள்.

சென்னகிருஷ்ணனுக்கு வேலை பீளமேட்டில் ஒரு பம்ப் கம்பெனியில், டெஸ்டிங் பிரிவில். பதினாறு வருஷமாக மோட்டார்களைக் கேட்டுக் குறை சொல்கிற உத்தியோகம். சத்தம் இல்லாத பம்ப்புதான் நல்ல பம்ப்பு என்று சம்பளம் கொடுத்தார்கள். ஒதுக்கித் தள்ளிய சத்தங்களைத்தான் அவன் வீட்டுக்குக் கொண்டுபோனான். பன்னிரண்டு வருஷத்தில் நாற்பது கேசட் சேர்ந்திருந்தது. ஷிப்ட் சங்கு, ரயில்வே கேட், மழையில் தகரம். சிலவற்றை நண்பர்களுக்குப் போட்டுக் காட்டினான். அவர்கள் ஐந்து நிமிஷம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பாட்டு எப்போது வரும் என்று கேட்டார்கள். அதன்பிறகு அவன் யாருக்கும் போட்டுக் காட்டவில்லை.

அந்த வருஷம், தொண்ணூற்றாறு மே மாதம், பெங்களூரில் இருக்கும் ஒரு வெளிநாட்டுக் கலாச்சார மையத்திலிருந்து கடிதம் வந்தது. முந்தைய இரண்டு வருஷமும் அவன் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பியவர்கள்தான். இந்த முறை ரெக்கார்டரையே அனுப்பியிருந்தார்கள். உங்கள் ஊரை நீங்கள் தேர்ந்தெடுக்காத ஒலிகளால் இருபது நிமிஷம் சொல்லுங்கள். எந்த இடம், எத்தனை நிமிஷம், எது முதலில், எது பின்னால் என்பதையெல்லாம் தற்செயல் முடிவு செய்யட்டும். பதிவு செய்வதற்கு முன் அங்கிருப்பவர்களிடம் சொல்லிவிட வேண்டும், அதன்பிறகு டேப்பை நிறுத்தவோ வெட்டவோ கூடாது, பின்னால் அவர்களிடம் கையெழுத்தும் வாங்க வேண்டும். ஜூலை முப்பத்தொன்றுக்குள் கேசட்டும் ரெக்கார்டரும் வந்து சேர வேண்டும். தேறினால் ஜெர்மனியில் ஒரு வானொலியில் ஒலிபரப்புவார்கள்.

யாரோ ஒருவர், முகம் தெரியாத ஒருவர், இருபது நிமிஷம் உட்கார்ந்து கேட்பார். முப்பத்தெட்டு வயதில் அவனுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். இந்தத் தடவையும் தவறினால் நாற்பது கேசட்டையும் எடைக்குப் போட்டுவிடுவது என்று முடிவு செய்திருந்தான். இதை யாரிடமும் சொல்லவில்லை.

தற்செயலுக்கு அவன் பிடித்த வழி டவுன் பஸ் டிக்கெட். கடைசி எண் எத்தனையோ அத்தனையாவது ஸ்டாப்பில் இறங்க வேண்டும். கடைசி இரண்டு எண்ணையும் கூட்டினால் வருவது நிமிஷம். இறங்கி இடது பக்கம் நூறடி நடந்தால் இடம்.

வழி நன்றாகத்தான் இருந்தது. ஆனால் முதல் மாதத்திலேயே அவன் அதில் ஏமாற்ற ஆரம்பித்துவிட்டான். இறங்கிய இடத்தில் ஒரு சாக்கடையும் சுவரொட்டியும் மட்டும் இருந்தால் டிக்கெட்டைக் கசக்கி எறிந்துவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறினான். தறிக்கூடம் வந்தது மூன்றாவது டிக்கெட்டில். கல் பட்டறை வந்தது ஐந்தாவதில். கையெழுத்துப் போட்ட தாள்களை அடுக்கிக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையில், இது தற்செயல் இல்லை, பிடித்தது வரும்வரை சீட்டுப் போட்டுக்கொண்டே இருக்கிற பித்தலாட்டம் என்று அவனுக்குப் புரிந்தது. இதில் இன்னொரு கேவலமும் இருந்தது. ஏமாற்றித் தேடிப் போன இடத்திலும் அவனுக்குக் கிடைத்தது வெறும் அமைதிதான்.

கேசட்டுகளை நிஜாமிடம் கொண்டுபோனான். நிஜாம் பள்ளிக்கூட நாளிலிருந்தே நண்பன். கோட்டைமேட்டில் கேசட் பதிந்து கொடுக்கும் கடை வைத்திருந்தான். ஒரு கண்ணாடித் தடுப்பு, இரண்டு டெக்கு, சுவர் முழுக்க கேசட். எல்லாவற்றையும் ஒரே கேசட்டில் வரிசையாகப் பதிந்து தரச் சொல்லி, மொத்தம் ஐம்பத்திரண்டு நிமிஷம் என்று எழுதியும் கொடுத்தான்.

இரண்டு நாள் கழித்துப் போனபோது நிஜாம் முகம் மலர்ந்திருந்தது.

“சுத்தமாப் பண்ணிட்டேன் கிட்டு. பதினாலு நிமிஷம் வந்திருக்குது.”

“பதினாலா? ஐம்பத்திரண்டு இல்ல?”

“பூராவும் பிளாங்க்குடா. நாற்காலி இழுக்கறது, ‘உக்காருங்க’, அப்புறம் பிளாங்க்கு. டீ கிளாஸ், பிளாங்க்கு. தும்மறாங்க, பிளாங்க்கு. எல்லாத்தையும் வெட்டி ஒட்டவெச்சுப் போட்டேன். கேட்டுப் பாரு, சும்மா ரயிலாட்டம் ஓடுது.”

“உன்னை யாருடா வெட்டச் சொன்னது?”

“யாரு சொல்லணும்? ரெண்டு பாட்டுக்கு நடுவுல நாலு செகண்டுக்கு மேல கேப்பு உட்டா நம்ம கடைக்கு வர்றவங்க கேசட்டைத் திருப்பிக் கொண்டுவந்து மூஞ்சில எறிவாங்க. பதினெட்டு வருசத் தொழிலு.” நிஜாம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். “அதுல என்னதான்டா இருந்துச்சு?”

“ஒண்ணும் இல்ல.”

“நீயே ஒண்ணும் இல்லேங்கற. அந்த ஒண்ணும் இல்லாததை நான் வெட்டுனா குதிக்கற. பைத்தியத்துக்கு வைத்தியம் பாக்கற மாதிரி இருக்குது உங்கிட்டப் பேசறது.”

தன் கோபம் எங்கிருந்து வருகிறது என்று சென்னகிருஷ்ணனுக்குத் தெரியவில்லை. மூலக் கேசட்டுகள் நல்லவேளையாக அப்படியே இருந்தன. அவற்றை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டான். இனி எதையும் இவன் கையில் கொடுப்பதில்லை என்று நினைத்தான். படி இறங்கும்போது நிஜாம் பின்னாலிருந்து கத்தினான்: “மோட்டாருச் சத்தந்தான வேணும்? எங்கிட்ட இருக்குதுடா! சினிமா எபெக்ட் கேசட்டு! தறி, ரயிலு, குதிரை, எல்லாம் இருக்குது!”

ஜூலை இரண்டாவது வாரம் ஒரு நாள் லீவு போட்டுவிட்டு காலையில் அன்னூருக்குப் போனான். முதலில் எந்த டிக்கெட் வருகிறதோ அதுதான் என்று பஸ் ஸ்டாண்டில் தனக்குத்தானே உறுதி சொல்லிக்கொண்டு, கிளம்பத் தயாராக நின்ற முதல் டவுன் பஸ்ஸில் ஏறினான். டிக்கெட்டின் கடைசி இரண்டு எண் நான்கும் ஏழும். ஏழாவது ஸ்டாப். பதினோரு நிமிஷம்.

இறங்கிய இடத்தில் ஒரு வேப்பமரமும் ஒரு மைல்கல்லும் இருந்தன. இடது பக்கம் ஒரு வண்டித்தடம். நூறடியில் ஒரு கிணறும் மோட்டார் ரூமும் வந்தன. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. குழாயிலிருந்து தண்ணீர் தொட்டியில் விழுந்து, வாய்க்காலில் ஏறி, சின்ன வெங்காயக் காட்டுக்குப் போனது. நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண் கணுக்கால் சேற்றில் நின்று மண்வெட்டியால் மடை திருப்பிக்கொண்டிருந்தாள். அவள் பெயர் பாவாத்தாள் என்று பிறகு தெரிந்துகொண்டான்.

“ஏனுங்க்கா, இங்க மோட்டாரு ஓடற சத்தத்தை ஒரு பதினோரு நிமிஷம் டேப்புல புடிச்சுக்கட்டுங்களா?”

“வாங்க வாங்க. அதுக்கென்னங்க.” அவள் சேற்றிலிருந்து காலை உருவினாள். அவன் ரெக்கார்டரை ஓடவிட்டான். அதற்குள் அவள் மோட்டார் ரூமுக்குள் போயிருந்ததைப் பார்த்ததும், “வேண்டாங்க, ஓடட்டுங்க,” என்று கத்தினான். ஸ்டார்ட்டரின் சிவப்புப் பொத்தான் ‘டக்’கென்றது.

அவள் ஒரு பிளாஸ்டிக் சேரை எடுத்துவந்து முந்தானையால் துடைத்து வேப்பமர நிழலில் போட்டாள். எதிரில் வரப்பின் மேல் தானும் உட்கார்ந்துகொண்டாள்.

“பேசுங்க.”

கண்ணையாவிடம் பட்டது ஞாபகம் வந்தது. வற்புறுத்தினால் பயந்துபோவாள். அவன் ஒன்றும் பேசவில்லை. அவன் பேசுவான் என்று அவள் காத்திருந்தாள். அவளைப் பார்க்கவும் மனமில்லாமல், ரெக்கார்டரில் ஒலி அளவு காட்டும் முள் கீழே விழுந்து கிடப்பதையே பார்த்தபடி, பன்னிரண்டு வருஷத்தையும் இரண்டு மாதமாகப் போட்ட லீவையும் மனசுக்குள் திட்டித் தீர்த்துக்கொண்டிருந்தான். பதினோரு நிமிஷமும் அப்படியே கழிந்தது.

அவன் நிறுத்தியதும் அவள் எழுந்து போய்ப் பச்சைப் பொத்தானை அமுக்கினாள். மறுபடி அமுக்கினாள். வெளியே வந்தபோது சிரித்துக்கொண்டிருந்தாள்.

“போயிருச்சுங்க.”

“என்னங்க்கா போயிருச்சு?”

“த்ரீ பேஸ் கரண்டுங்க. பத்து மணி வரைக்குந்தானுங்க குடுப்பாங்க. பொறவு நாளைக்குத்தான்.”

“அப்ப நாளைக்குப் பாய்ச்சிக்கலாங்களா?”

“நாளைக்குக் கொழுந்தனாரு மொறைங்க. ஒரே கெணறு, மொறை போட்டுப் பாய்ச்சறோம். நாளான்னிக்குத்தான் நம்முது.” அவன் பார்வை போன இடத்தை அவளும் பார்த்தாள். காட்டின் கடைசியில் நாலைந்து பாத்தி வெளிறிக் கிடந்தது. “அதுனால என்னங்க. வந்தவங்க முன்னால மோட்டாரை ஓடவுட்டுட்டு நிக்கறதுங்களா? இருங்க, டீ வெக்கறேன்.”

கையெழுத்துத் தாள் பைக்குள்தான் இருந்தது. அதை வெளியே எடுக்க அவனுக்குக் கூசியது. இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டான்.

ஒரு வாரம் அந்தக் கேசட்டைத் தொடவில்லை. வரிசை முடிவு செய்ய வேண்டிய நாள் வந்தது. ஏழு இடத்தின் பெயரையும் ஏழு துண்டுச் சீட்டில் எழுதிக் குலுக்கி, கண்ணை மூடி எடுத்தான். இந்த முறை திருப்பிப் போடவில்லை. முதல் சீட்டு அன்னூர். அதைப் போட்டுக் கேட்டே ஆக வேண்டியிருந்தது.

ஹெட்போனை மாட்டிக்கொண்டு படுத்தான். ஸ்டார்ட்டர் ‘டக்’கென்றது. சேர் வந்தது. “பேசுங்க” என்றது அவள் குரல். அதற்குப் பிறகு, அவன் மனசுக்குள் சபித்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில், தொட்டியில் மிச்சமிருந்த தண்ணீர் வாய்க்காலில் போய்க்கொண்டிருந்தது. அது மெல்ல மெலிந்தது. ஒரு ஓடையிலிருந்து ஒரு கோடாக, கோட்டிலிருந்து சொட்டாக, சொட்டிலிருந்து ஈரமண் உறிஞ்சும் சின்னச் சின்னச் சத்தமாக. மைனா ஒன்று வாய்க்காலில் இறங்கித் தத்தியது. அவள் ஒரு முறை மூச்சை இழுத்தாள், ஏதோ சொல்ல வந்து விட்டுவிட்டாள். அவன் சேர் கிரீச்சிட்டது. ஒருவர் பேசுவதற்காக இன்னொருவர் என்று இருவரும் காத்திருந்தார்கள். தூரத்தில், வெகு தூரத்தில், இன்னொரு மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது. அங்கே உட்கார்ந்திருந்தபோது அது அவன் காதில் விழவே இல்லை. ஒன்பதாவது நிமிஷத்தில் அந்தச் சத்தம் இறங்கி இறங்கி, நின்றது. அது நின்ற பிறகு வந்த இரண்டு நிமிஷ அமைதி அதற்கு முந்தைய அமைதி இல்லை. அவள் புடவை வரப்பில் உரசியது. எழப்போய், மறுபடி உட்கார்ந்துகொண்டாள்.

அவளுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது. கரண்ட் போய்விட்டது என்று தெரிந்தும் அவன் வேலை முடியட்டும் என்று உட்கார்ந்திருக்கிறாள்.

சென்னகிருஷ்ணன் அன்றைக்கு அதை நான்கு முறை கேட்டான். இதை அவன் செய்யவில்லை. தேடியும் போகவில்லை. கசக்கி எறியாத ஒரே டிக்கெட் கொண்டுவந்து கொடுத்தது இது. மற்ற ஆறையும் எடுத்துக் கேட்டபோது அவற்றிலும் ஏதோ இருந்தது, ஆனால் அவை ஏமாற்றி எடுத்தவை. முதல் பதினோரு நிமிஷம் இதுவென்றால் மீதி ஒன்பது எப்படியிருந்தாலும் பரவாயில்லை என்று தோன்றியது. வேண்டியது ஒரு கையெழுத்து மட்டும்தான்.

நிஜாமுக்குப் போன் செய்து, நாளை மறுநாள் உன் கடையில் உட்கார்ந்து நானே பதிந்துகொள்கிறேன், நீ எதையும் தொடாதே என்றான். நிஜாம், “தொடலைடா சாமி,” என்றான். கேசட்டைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டான்.

ஜூலை இருபத்தெட்டாம் தேதி, பாவாத்தாளின் முறை வருகிற நாளைக் கணக்குப் போட்டு, எட்டரைக்கெல்லாம் போய்விட்டான். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அவனைக் கண்டதும் அவள் மோட்டார் ரூம் பக்கம் திரும்ப, அவன் குறுக்கே ஓடிப்போய் நின்றுகொண்டான்.

“நிறுத்தாதீங்க்கா! சும்மாதான் வந்தேன். ஒரு கையெழுத்துங்க.”

தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “நான் ஒண்ணுமே பேசலீங்களே. எதுக்குங்க கையெழுத்து?”

“நீங்க சும்மா இருந்ததுக்குத்தானுங்க்கா.”

அவள் சிரித்துவிட்டாள். “ஊட்டுக்காரரு கேக்கோணும் இதை. சும்மா இருந்ததுக்குச் சர்ட்டிபிகேட்டு.”

அவன் ஹெட்போனை அவள் காதில் மாட்டி, கேசட்டை ஓடவிட்டான். ஓடுகிற மோட்டார் உள்ளே கேட்காமல் இருக்க, ஹெட்போனைக் கையால் பொத்திக்கொள்ளச் சொன்னான். அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் முதலில் வாயைப் பொத்திச் சிரித்தாள். பிறகு காது கேளாதவர்களைப் போல உரக்கக் கத்தினாள்: “நம்ம வாய்க்காலுங்க இது!” அப்புறம், “மைனாங்க!” நாற்பது கேசட்டில் ஒன்றைக்கூட யாரும் இப்படிக் கேட்டதில்லை.

பிறகு அவள் சிரிப்பு மெதுவாகப் போய்விட்டது.

“அந்தண்டைக் காட்டுப் பங்காளி மோட்டாரு ஓடுதுங்களே!”

“ஆமாங்க்கா. தூரத்துல.”

அவள் கடைசிவரை கேட்டாள். ஹெட்போனைக் கழற்றி, அதைப் பூப்போல இரண்டு கையாலும் அவனிடம் கொடுத்தாள்.

“தம்பி, தப்பா நெனச்சுக்காதீங்க. இது வேண்டாங்க.”

“ஏனுங்க்கா?”

“அன்னிக்கு எங்கூட்டுக்காரரு வந்து, ஏன் கடைசிப் பாத்தி காஞ்சு கெடக்குதுன்னாரு. கரண்டு ஒம்பதரைக்கே போயிருச்சுன்னு சொல்லிப்போட்டேனுங்க. யாரோ பேச வந்தாங்க, மோட்டாரை நானே நிறுத்துனேன்னா சொல்ல முடியும்? அவரு நேராப் போயி வயர்மேன்கிட்டச் சண்டை கட்டிப்போட்டு வந்துட்டாரு. சட்டையப் புடிச்சுட்டாருங்களாமா. அந்தப் பையனுக்கு மெமோ குடுத்துட்டாங்கன்னு சொல்றாங்க.” அவள் கேசட்டைப் பார்த்தாள். “இதுல பங்காளி மோட்டாரு பத்து மணி வரைக்கும் ஓடுது. கரண்டு இருந்துச்சுன்னு இதே சொல்லுது பாருங்க.”

“இது இங்க யாருக்கும் கேக்காதுங்க்கா. ஜெர்மனில போடறது.”

“ஜெர்மனிங்களா? எங்க நாத்தனாரு மகன் திருப்பூருல பனியன் கம்பெனி வெச்சிருக்கறானுங்க. வருசத்துக்கு ரெண்டு தடவை அங்கதான் போறான். ‘பேசுங்க’ன்னு நான் சொல்றது அவனுக்குத் தெரியாதுங்களா?”

அப்படி நடக்க வாய்ப்பே இல்லை என்று அவனுக்குத் தெரியும். ரேடியோ அவ்வளவு பெரியது என்றான். அந்த ஊரில் எத்தனையோ லட்சம் பேர் என்றான். உங்கள் குரலை மட்டும் வெட்டிவிடுகிறேன் என்று சொல்ல வாயெடுத்து, விதி ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டான். வெட்டினாலும் பங்காளி மோட்டார் அங்கேதான் இருக்கும். அவளுக்கு அதுதான் பயம்.

“கையெழுத்து வேண்டாங்க்கா. நானே வெச்சுக்கறேன். யாருக்கும் போட்டுக் காட்டலை.”

“உங்களை நம்பாம இல்லீங்க. இருக்கறது இருக்கத்தானுங்களே செய்யும்.” அவள் குரல் இறங்கியிருந்தது. “அழிச்சுப்போடுங்க கண்ணு.”

அவன் பேசாமல் நின்றான். அதை அவள் சம்மதமாக எடுத்துக்கொண்டாள். முகம் உடனே தெளிந்தது.

“நீங்க அன்னிக்குக் கேட்டது மோட்டாருச் சத்தந்தானுங்களே? நாந்தான் கூறுகெட்டதனமா அமுக்கிப் போட்டேன். இப்ப ஓடுது பாருங்க. அது மேலயே இதைப் புடிச்சுக்குங்க. நான் அணைக்கவே மாட்டேன்.”

அவள் போய் அதே பிளாஸ்டிக் சேரை எடுத்துவந்து, துடைத்து, இந்த முறை மோட்டார் ரூம் வாசலிலேயே போட்டாள். அவன் உட்கார்ந்தான். ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேசட்டை முதலுக்குச் சுற்றினான். பதிவதற்கு இரண்டு பொத்தானைச் சேர்த்து அமுக்க வேண்டும். கேட்பதற்கு ஒன்று. எது எதற்கு என்று அவளுக்குத் தெரியாது. அவன் ஒன்றை மட்டும் அமுக்கினான். காதுக்குள் ஸ்டார்ட்டர் ‘டக்’கென்றது, சேர் வந்தது, “பேசுங்க” என்றாள். எதிரில் அவள் மண்வெட்டியை ஓசைப்படாமல் வரப்பில் சாய்த்துவிட்டு, வளையல் குலுங்காமல் இருக்க ஒரு கையால் மறுகையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

இப்படியே பதினோரு நிமிஷம் உட்கார்ந்திருந்தால் போதும். எழுந்து நன்றி சொல்லிவிட்டுப் போகலாம். வாய்க்காலில் தண்ணீர் மெலிய ஆரம்பித்திருந்தது. மைனா வருவதற்கு இன்னும் ஒரு நிமிஷம் இருந்தது.

அவன் நிறுத்தினான். திரும்பச் சுற்றினான். மைனா வரும்வரையாவது கேட்டிருக்கலாம் என்று தோன்றியபோது இரண்டு பொத்தானும் அமுங்கியிருந்தன.

முள் எழுந்து மேலே போய் ஒரே இடத்தில் நின்றுகொண்டது. நல்ல மோட்டார். சீரான சத்தம். பிந்தலும் இல்லை, முந்தலும் இல்லை. பம்ப் கம்பெனியில் ஒரு நாளைக்கு எண்பது தடவை கேட்டு, பாஸ் என்று சீட்டு ஒட்டி அனுப்புகிற சத்தம். அதன் அடியில் நிமிஷம் நிமிஷமாக என்ன போய்க்கொண்டிருக்கிறது என்று அவனுக்குத் தெரிந்தது: இப்போது சொட்டு, இப்போது ஈரமண், இப்போது அவள் மூச்சை இழுத்துச் சொல்லாமல் விட்டது. ஏழாவது நிமிஷம் வண்டித்தடத்தில் அவள் வீட்டுக்காரர் மொபெட்டில் வந்தார். அவள் தூரத்திலேயே கை காட்டினாள். அவர் இன்ஜினை அணைத்து, செருப்பையும் கழற்றிப் பிடித்துக்கொண்டு, வண்டியைத் தள்ளியபடி அவர்களைக் கடந்து போனார். போகும்போது அவனைப் பார்த்து மரியாதையாகத் தலையை ஆட்டினார்.

பதினோரு நிமிஷம் முடிந்தது.

“போட்டுக் காட்டுங்க,” என்றாள்.

ஹெட்போனை உருவிவிட்டு ஸ்பீக்கரில் போட்டான். ஓடுகிற மோட்டாருக்குள் கேசட்டிலிருந்த மோட்டார் கலந்து, ஒன்றுமே கேட்கவில்லை.

“ஒண்ணும் கேக்கலீங்களே?”

“அழிஞ்சிருச்சுங்க்கா.”

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். தாளையும் பேனாவையும் கேட்டு வாங்கி, தொட்டித் திண்டின் மேல் வைத்து, ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரை எழுதினாள். ஈரக்கை பட்டு ஒரு மூலையில் மை கலங்கியது.

“இதுக்குப் போடலாங்க. இதுல என்ன இருக்குது,” என்று கொடுத்துவிட்டு, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனாள். மடை நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.